அறை மூலைக்கு வந்த லென்ஸ்

ஒரு அறையின் மூலையில் முதுகைச் சாய்த்து நின்றால் இருபக்கச் சுவர்களும் நமக்கு முன்னால் 90 பாகையில் விரிந்து போகின்றன. அந்த இரண்டு சுவரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் கேமராவின் அகலப் பார்வையும் 90 பாகையைத் தாண்டியாக வேண்டும். ஆரம்பநிலை டிஜிட்டல் கேமராக்களோடு ஒரே பெட்டியில் வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை முழுக்க விரித்து வைத்தாலும் அது பார்ப்பது ஏறத்தாழ 63 பாகைதான். 12 மி.மீ. லென்ஸ் 86 பாகை பார்க்கும், அதுவும் போதாது. 10 மி.மீ.க்கு வந்தால் 96 பாகை கிடைத்து, மூலையில் நிற்பவருக்கு அறை முழுவதும் வசப்படுகிறது.

பத்துக்குப் பத்து அறையில் காதுகுத்து நடக்கிறது. மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் கம்பி, சுற்றிலும் இருபது பேர். படம் எடுப்பவர் பின்னால் போகப் போகச் சுவர் வந்துவிடுகிறது. பெரிய மண்டபத்தில் பத்தடி பின்வாங்கினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. சின்ன வீட்டில் அந்தப் பத்தடி கிடையாது. வைடு ஆங்கிள் லென்ஸ் இடம் இல்லாதவருக்கான கருவி. ஆனால் இடம் இல்லாதவர் கைக்கு அது வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆனது. அந்தப் பயணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1859இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு விசித்திரமான லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு தடித்த கண்ணாடிக் கிண்ணங்களை எதிரெதிரே வைத்து ஒரு பந்தாக்கி, உள்ளே தண்ணீர் நிரப்பியிருந்தார். அந்தத் தண்ணீர்ப் பந்து சுமார் 120 பாகை பார்த்தது. ஆனால் பிம்பம் தட்டையாக விழாமல் வளைந்து விழுந்ததால், வளைந்த கண்ணாடித் தகடுகளில்தான் படம் எடுக்க முடியும். கண்ணாடியில் ஈர ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. தட்டையான கண்ணாடியில் சீராகப் பூசுவதே கைப்பழக்கம் வேண்டிய வேலை. வளைந்த கண்ணாடியில் எப்படி இருந்திருக்கும்! அந்தத் தகட்டை வைக்கும் பெட்டி முதல் படம் அச்சிடும் சட்டம் வரை எல்லாமே வளைவாகச் செய்யப்பட வேண்டும். இதே சட்டன்தான் 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தன் வண்ணக் கொள்கையை விளக்கத் திரையிட்ட அந்தப் புகழ்பெற்ற வண்ண நாடாவின் படங்களை எடுத்துக் கொடுத்தவர். வண்ணப்படத்தின் வரலாற்றில் அவர் பெயரைச் சொல்கிறவர்கள் இந்தத் தண்ணீர் லென்ஸையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து 1900. ஜெர்மனியின் கோயர்ஸ் நிறுவனத்தில் எமில் ஃபான் ஹோயெக் வடிவமைத்த ஹைப்பர்கான் வந்தது. மெல்லிய, கிட்டத்தட்ட அரைக்கோளமாக வளைந்த இரண்டே இரண்டு கண்ணாடிகள். நடுவில் குண்டூசித் தலைக்குப் பெரிய அண்ணனாக ஒரு துவாரம். பார்வையோ 135 பாகைக்கு மேல், அதுவும் தட்டையான தகட்டில். கட்டடங்களைப் படமெடுப்பவர்கள் காத்திருந்த லென்ஸ் அது.

அகலப் பார்வைக்கு ஒரு விலை உண்டு. நடுவில் விழும் வெளிச்சம் ஓரத்தில் விழாது. சாய்வுக் கோணம் கூடக் கூட வெளிச்சம் நான்காம் அடுக்குக் கணக்கில் சரிகிறது. 135 பாகை பார்க்கும் இத்தகைய எளிய லென்ஸில் ஓரத்துக்குப் போய்ச் சேர்வது, கணக்குப்படி, நடுவில் விழுவதில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஓரத்துக்குப் போதுமான நேரம் கொடுத்தால் நடுப்பகுதி வெந்து வெளுத்துவிடும். இதற்கு ஹைப்பர்கான்காரர்கள் கண்ட வழியை நினைத்து நினைத்து நான் வியப்பதுண்டு. லென்ஸுக்கு முன்னால் ஒரு சின்ன உலோக நட்சத்திரத்தைப் பொருத்தினார்கள். ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் ஒரு பந்து. பந்தை அமுக்கினால் காற்று பாய்ந்து நட்சத்திரம் சுழலும். சுழலும் நட்சத்திரத்தின் நடுப்பகுதி நேராக வரும் வெளிச்சத்தைத் தடுக்கும். கூரான நுனிகளைத் தாண்டி ஓரத்துக்கு வெளிச்சம் போகும். எடுக்கும் நேரத்தின் பெரும்பகுதியை இப்படிக் கழித்துவிட்டு, கடைசியில் நட்சத்திரத்தைக் கீழே சாய்த்து, நடுப்பகுதிக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்து மூடுவார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்த காலத்தில், கையில் பந்தை அமுக்கிக்கொண்டு ஒருவர் நிற்பதை எண்ணிப் பாருங்கள். மூலை இருட்டோடு மனிதர் நடத்திய போராட்டத்தில் இது முதல் அத்தியாயம். இரண்டாவது நம் காலத்தில் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹைப்பர்கானுக்குப் பின் அகலப் பார்வை ஆகாயத்துக்குப் போனது. 1930களில் ஸைஸ் நிறுவனத்தின் ராபர்ட் ரிக்டர் வடிவமைத்த டோப்போகான் விமானத்திலிருந்து நிலத்தை அளந்து வரைபடம் போடப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் லுட்விக் பெர்ட்டெல் தன் பயோகானை இன்னும் அகலமான புது வடிவில் கொண்டுவந்தார். இவையெல்லாம் அருமையான லென்ஸ்கள், ஆனால் ராணுவத்துக்கும் நில அளவைக்கும் வசதி படைத்த தொழில்முறைக்காரர்களுக்கும் உரியவை.

சாதாரணக் கையை நோக்கி வண்டி திரும்பியபோது குறுக்கே வந்தது ஒரு கண்ணாடி. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்வாக நிற்கும் அந்த முகம் பார்க்கும் கண்ணாடிதான். அதுதான் காட்சியை வ்யூஃபைண்டருக்கு அனுப்புகிறது. படம் எடுக்கும் நொடியில் மேலே எழும்பி வழிவிடுகிறது. அது எழும்ப இடம் வேண்டும். அதனால் இந்தக் கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45 மி.மீ. போல இடைவெளி விட்டார்கள். ஆனால் 21 மி.மீ. லென்ஸ் பழைய முறையில் செய்யப்பட்டால் ஃபிலிமுக்கு 21 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருந்தாக வேண்டும். எழும்பும் கண்ணாடி அதன் பின்பக்கத்தில் இடிக்கும். நிகான் எஃப் வந்த 1959இல் அதற்கான 21 மி.மீ. லென்ஸைப் போட வேண்டுமானால் கண்ணாடியைத் தூக்கி நிறுத்திப் பூட்டிவிட்டு, தனி வ்யூஃபைண்டர் ஒன்றை மேலே செருகிப் பார்க்க வேண்டியிருந்தது. எஸ்எல்ஆரின் பயனே அதோடு போயிற்று.

இந்த முடிச்சுக்கு அவிழ்ப்பு நம் வீட்டு வாசற்கதவிலேயே இருக்கிறது. வந்திருப்பது யார் என்று பார்க்கக் கதவில் பதித்திருக்கும் துளைக் கண்ணாடியில் வெளிப்பக்கம் இருப்பது நடு மெலிந்த குழிலென்ஸ். அது பரந்த காட்சியைச் சுருக்கி உள்ளே தருகிறது. அதேபோல முன்னால் ஒரு பெரிய குழிலென்ஸை வைத்துக் காட்சியைச் சுருக்கி, பின்னால் குவிலென்ஸ்களை வைத்துப் பிம்பத்தைத் தொலைவில் விழச் செய்தால், குவியத் தூரம் குறைவாக இருந்தும் லென்ஸ் ஃபிலிமைவிட்டுத் தள்ளி நிற்கலாம். தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் டெலிபோட்டோவைத் திருப்பிப் போட்டதுதான் இது. 1930களில் டெக்னிகலர் சினிமா கேமராவுக்குள் லென்ஸுக்குப் பின்னால் பட்டகம் வைக்க இடம் தேவைப்பட்டபோது, இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனத்தில் எச்.டபிள்யூ. லீ இந்த வழியில் லென்ஸ் செய்து கொடுத்திருந்தார். அதை அசையாப் படக் கேமராவுக்குக் கொண்டுவந்தவர் பிரான்ஸின் பியர் ஆஞ்செனியூ. 1950இல் அவர் விற்பனைக்கு விட்ட 35 மி.மீ., எஃப் 2.5 லென்ஸுக்கு வைத்த பெயர் ரெட்ரோஃபோகஸ். அவர் கம்பெனியின் வணிகப் பெயர் பிறகு அந்த வகை லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

அதன்பின் ஓட்டம் வேகமெடுத்தது. கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் ஃப்ளெக்டோகன் 35 மி.மீ. பிறந்தது. அதே வழியில் சோவியத் ஒன்றியம் மிர்-1 என்ற 37 மி.மீ. லென்ஸைச் செய்து 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்பியது. அது அங்கே கிராண்ட் ப்ரீ பரிசு பெற்றது. அந்தச் செய்தியைப் பிறகு லென்ஸின் முன்வளையத்திலேயே பொறித்து விற்றார்கள். ஜெனித் கேமராவில் மாட்டக்கூடிய, பெருமளவில் தயாரான எளிய லென்ஸ் அது. இன்றும் பழைய கேமராக் கடைகளில் சில நேரம் கண்ணில் படுகிறது. மேடையில் பரிசு வாங்கிய பொருள், மலிவு விலையில், பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் கைக்கே போனது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பிறகு ஜப்பான்காரர்கள் 28, 24, 20 என்று இறங்கினார்கள். ஃபிலிம் யுகத்தின் கடைசியில் 28 மி.மீ. லென்ஸ் நடுத்தர வசதியுள்ள பொழுதுபோக்குக்காரருக்கு எட்டும் பொருளாகிவிட்டிருந்தது.

அந்த எட்டிய பொருளைத் தட்டிப் பறித்தது டிஜிட்டல். 2003இல் கேனான் 300டி வந்தபோது ஆயிரம் டாலருக்குள் கிடைத்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் என்று உலகமே கொண்டாடியது. அந்த விலைக்கு ஒரு காரணம் சின்ன சென்சார். ஃபிலிம் சட்டத்தின் அகலம் 36 மி.மீ.; சென்சாரின் அகலம் ஏறத்தாழ 22.7 மி.மீ. லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதி மட்டும் படத்தில் விழுந்தது. சேர்த்த காசில் வாங்கி வைத்திருந்த 28 மி.மீ. லென்ஸ் ஒரே நாளில் 45 மி.மீ. லென்ஸ்போல நடந்துகொண்டது. 20 மி.மீ.கூட 32 ஆகிவிட்டது. மலிவான கேமரா கைக்கு வந்தது, அகலப் பார்வை கையைவிட்டுப் போனது.

அதைத் திருப்பித் தரும் லென்ஸ்கள் உடனே வந்தன. 2004இல் கேனானின் 10-22 மி.மீ. வந்தது. நல்ல லென்ஸ், எடை 385 கிராம், விலை வெளிவந்தபோது கிட்டத்தட்ட 800 டாலர். அதாவது லென்ஸின் விலை கேமராவின் விலைக்குப் பக்கத்தில் நின்றது. சிக்மா, டாம்ரான், டோக்கினா எல்லாரும் தங்கள் பங்குக்குக் கொண்டுவந்தார்கள். டோக்கினா 11-16க்கு எஃப் 2.8 வெளிச்சம் உண்டு, ஆனால் அரைக் கிலோவுக்கு மேல் கனம். கொரியாவின் சாம்யாங் 14 மி.மீ. விலை குறைவு, ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், முன்கண்ணாடி புடைத்து நிற்பதால் ஃபில்டர் மாட்ட முடியாது, நேர்கோடுகள் மீசைபோல் நெளியும். கிட் லென்ஸை வைத்துக்கொண்டு பத்தாண்டு காலம் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்து எடுத்தவர்கள்தான் அதிகம்.

2014 மே மாதம் கேனான் 10-18 மி.மீ. என்ற சின்ன லென்ஸை அறிவித்தது. விலை 299.99 டாலர். எடை 240 கிராம்.

பத்தாண்டில் விலை பாதிக்கும் கீழே வந்ததன் ரகசியம் எதை விட்டார்கள் என்பதில் இருக்கிறது. உலோக மவுண்ட் போய் பிளாஸ்டிக் மவுண்ட் வந்தது. 22 மி.மீ. வரை நீண்ட ஜூம் 18இலேயே நின்றது. தூரக் குறிகள் காட்டும் சாளரம் இல்லை. முக்கியமாக வெளிச்சத்தைக் குறைத்தார்கள்: எஃப் 3.5க்குப் பதில் 4.5, நீட்டினால் 5.6 (எஃப் எண் கூடினால் துவாரம் சிறியது). துவாரம் சிறுத்தால் கண்ணாடிகளும் சிறுக்கும், 77 மி.மீ. ஃபில்டர் வளையம் 67 ஆனது. கண்ணாடி சிறுத்தால் செலவும் சிறுக்கும். பதிலுக்கு ஒன்றைக் கொடுத்தார்கள்: பழையதில் இல்லாத கை நடுக்கம் தாங்கும் ஏற்பாடு.

இந்தக் கழித்தலில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்பது பயன்படுத்திப் பார்த்தால் தெரியும். ஓர் ஆளின் முகத்தை எடுத்துப் பின்னணியை மங்கலாக்குபவருக்கு எஃப் 5.6 பெரிய குறை. அகலப் பார்வைக்காரருக்கு அப்படியில்லை. 10 மி.மீ.இல் எஃப் 8 வைத்து, முக்கால் மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஓர் எட்டுக்குள் இருப்பதிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். மங்கலாக்கும் வேலையே இல்லாத இடத்தில் பெரிய துவாரத்துக்குக் காசு கொடுப்பானேன்? இருட்டில் கொடுக்கலாம், அதை மறுக்கவில்லை. கை நடுக்கத்தைத் தாங்கும் லென்ஸ் கோபுர வாசலையும் வெறும் கூடத்தையும் கால் நொடியில்கூடக் கையில் பிடித்தபடி எடுக்க விடும். ஆனால் நடக்கும் மனிதரை நிறுத்தி வைக்காது. இரவில் நட்சத்திரங்களை எடுப்பவர்களுக்கும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தைகளை எடுப்பவர்களுக்கும் எஃப் 2.8 வேண்டும். மற்றவர்களுக்கு இது போதும் என்று உறுதியாகச் சொல்வேன்.

திருவல்லிக்கேணியில் நண்பர் வீட்டில் பேத்தியைத் தொட்டிலில் போடும் நாள். மாடியில் ஒற்றை அறை. உத்தரத்துக் கொக்கியில் பழைய காஞ்சிபுரம் புடவையால் கட்டிய தொட்டில். நான் அறை மூலையில் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி நின்று 10 மி.மீ.க்குத் திருப்பினேன். தொட்டிலின் முடிச்சு, அதைப் பிடித்த கொள்ளுப்பாட்டியின் கை, பாட்டுப் பாடும் அத்தைமார், வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று எட்டிப் பார்த்த பக்கத்துக் குடித்தனத்துப் பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன. "இன்னும் கொஞ்சம் பின்னால போயேன் தம்பி, எல்லாரும் விழணுமே" என்றார் கொள்ளுப்பாட்டி. "எல்லாரும் விழுந்தாச்சு பாட்டி" என்று திரையைக் காட்டினேன். அவர் முதலில் தேடியது வாசலில் நின்ற பிள்ளைகளைத்தான்.

அந்தப் படத்தில் பாட்டியின் கை பெரிதாக, நரம்புகள் தெரிய முன்னால் நிற்கிறது. அத்தைமார் தொலைவில் சிறுத்திருக்கிறார்கள். இதுதான் இந்த லென்ஸின் சுபாவம்: பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தள்ளி இருப்பதை இன்னும் தள்ளும். "எல்லாம் அடங்கும்" என்று நம்பி வாங்குபவர் கடற்கரைக்குப் போய் எடுத்தால் பாதி வானம், பாதி மணல், நடுவே எறும்பளவு ஆட்கள் என்று படம் வரும். இது கிட்டே போகக் கூப்பிடும் லென்ஸ். சென்சாரிலிருந்து 22 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும் என்றால், லென்ஸின் முகத்திலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. என்று பொருள். பூக்கட்டும் கைகளுக்கு அவ்வளவு அருகே போய், பின்னால் கடைத்தெரு முழுவதையும் வைத்து எடுக்கலாம். அப்படிப் போக முன்னால் இருப்பவரிடம் பேசிப் பழகியாக வேண்டும். தொலைவில் ஒளிந்து நின்று எடுக்கும் பழக்கத்தை இது விட வைக்கிறது, நல்லதுதான்.

ஓரத்தில் ஆளை நிறுத்தக் கூடாது. தலை பக்கவாட்டில் இழுபட்டு முட்டையாகிவிடும். குழுப்படத்தில் நடுவில் இடம் கொடுத்து, ஓரங்களைத் தூணுக்கும் சுவருக்கும் விட்டுவிட வேண்டும். மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை அண்ணாந்து எடுத்தால் அவை பின்பக்கமாகச் சாயும். கேமராவைச் சாய்க்காமல் மார்பளவில் நேராகப் பிடித்தால் தூண்கள் நிமிர்ந்து நிற்கும். தரை அதிகம் விழுமே என்றால், தரையில் விழும் தூண் நிழலை வைத்துச் சட்டத்தை அமைக்கலாம்.

2017இல் நிகானும் இதே வழியில் 10-20 மி.மீ. லென்ஸை 310 டாலர் அளவில் கொண்டுவந்தது. எடை 230 கிராம். டி90, டி3000 போன்ற பழைய பாடிகளில் அதன் ஃபோகஸ் இயங்காது என்பதைக் கடையில் எல்லாரும் சொல்வதில்லை. தெரிந்து வாங்க வேண்டும்.

இப்போது குறுக்கே நின்ற அந்தக் கண்ணாடியே போய்விட்டது. மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் வளையம் சென்சாருக்கு 16, 18, 20 மி.மீ. அருகில் வந்துவிட்டதால், திருப்பிப்போட்ட டெலிபோட்டோவின் கட்டாயம் தளர்ந்து லென்ஸ்கள் குறுகின. 2021இல் கேனான் வெளியிட்ட ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8, பெரிய சென்சாருக்கான லென்ஸ். எடை 165 கிராம், வெளிவந்தபோது விலை 299 டாலர். முன்பு சொன்ன இரண்டாம் அத்தியாயம் இதற்குள் இருக்கிறது. இந்த லென்ஸ் தரும் பிம்பத்தைத் திருத்தாமல் பார்த்தால் மூலைகள் இருண்டு, கோடுகள் பீப்பாய்போல் வளைந்திருக்கும். கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் இருட்டை வெளிச்சமாக்கி, வளைவை நிமிர்த்தி, மிஞ்சிய ஓரத்தை வெட்டிக் கொடுக்கிறது. ஹைப்பர்கானுக்குக் காற்றில் சுழலும் நட்சத்திரம் செய்த வேலையை இப்போது கணக்கு செய்கிறது. கண்ணாடியில் தீர்க்காமல் கணக்கில் தீர்ப்பது ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. வெளிச்சம் கூட்டிய மூலையில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழுவதும் உண்மை. ஆனாலும் அந்தத் திருத்தத்தை நான் மனமார ஏற்கிறேன். அது இல்லாவிட்டால் அந்த விலை இல்லை. 2023இல் சின்ன சென்சாருக்கான 10-18, மிரர்லெஸ் உருவில் 150 கிராமுக்கு இறங்கியது. கைப்பேசியிலும் அகலக் கண் வந்துவிட்டது: எல்ஜி ஜி5 2016இல், ஐபோன் 11 2019இல். பகலில் அது போதும். மாலை மங்கியபின் அறைக்குள் எடுத்துப் பார்த்தால் கேமராவை ஏன் தூக்குகிறோம் என்பது புரியும்.

பழைய 10-18 இப்போது பல பேர் பையிலிருந்து செகண்ட் ஹேண்ட் கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு டார்ச் கொண்டு போங்கள். பின்பக்கம் வழியே ஒளி பாய்ச்சி முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் பீரோவுக்குள் வைத்த லென்ஸ்களுக்கு இந்த நோய் அதிகம். பிளாஸ்டிக் மவுண்டின் மூன்று பற்களிலும் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைச் சும்மா திருப்பிப் பார்த்து ஓடவில்லை என்று பயப்பட வேண்டாம்; அது மோட்டார் வழியாக இயங்குவது, கேமராவில் மாட்டி மின்சாரம் போனால்தான் அசையும். அதனால் உங்கள் பாடியையும் எடுத்துப் போய், கடையின் மூலையில் நின்று எதிர்ச் சுவரை எஃப் 8இல் நேராக ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்து உள்ளே சாய்ந்திருக்கிறது. நான்கும் ஒரேபோல் இருந்தால் விலை பேசலாம்.